அட்டையில் எழுதாத பெயர்

அத்தியாயம் 9

நல்லது என்று நினைத்துச் செய்த காரியத்தை நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால், அதில் எங்கோ ஒரு முள் இருக்கிறது என்று அர்த்தம். சின்னவளை அந்த முள் இன்னும் குத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மருந்துத் தண்ணீர்த் தட்டில் இரண்டு காலையும் நனைத்து, பால் புட்டியோடு நரிக்கூண்டுப் பக்கம் நடந்தாள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள் கோடை விடுமுறையில் எட்டு வாரம் எங்காவது பயிற்சி எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் அவள் அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா கணவர் வனவிலங்கு மீட்பு மையத்தில் கூண்டுப் பராமரிப்பாளர். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. வருகிற திங்கட்கிழமை நிரந்தர உத்தரவு கைக்கு வருவதாக இருந்தது. அந்த அத்தான் பரிந்து பேசித்தான் மைத்துனிக்கு அங்கே இடம் கிடைத்தது.

வந்த மூன்றாவது வாரம் மூன்று நரிக்குட்டிகள் வந்தன. சாலையோரம் செத்துக் கிடந்த தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தவை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று எண் போட்டார்கள். மையத்தில் எந்த விலங்குக்கும் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் காட்டுக்குத் திருப்பி அனுப்ப மனசு வராது என்பது அங்கே எழுதாத சட்டம்.

நாற்பத்தொன்று நோஞ்சான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் கொடுக்க வேண்டும். ஞாயிறும் திங்களும் இரவுப் பணிக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். விடிவதற்குள் அது செத்துப்போகும் என்று சின்னவள் அத்தானிடம் கெஞ்சினாள். விலங்கை வீட்டுக்குக் கொண்டுபோவது மையத்தில் மன்னிக்கப்படாத குற்றம். அத்தான் தலையைச் சொறிந்தார், அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் ஒரு செருப்புப் பெட்டியில் துளை போட்டார். இரண்டு இரவு அந்தக் குட்டி அக்கா வீட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நாற்பது கிராம் எடை கூடித் திரும்பிப் போனது. நாலு சுவருக்குள் வந்தது, நாலு சுவருக்குள் முடிந்தது. அக்காவின் மகள், ஆறு வயசுப் பட்டாணி மட்டும் சட்டத்தை மீறி அதற்கு ஒரு பெயர் வைத்தாள். கண்ணைச் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டே இருந்ததால், 'டீச்சர்'.

இதெல்லாம் நடந்து மூன்று நாள்தான் ஆகிறது.

பூட்ஸ் சத்தம் கேட்டாலே மூக்கை வலைக்கம்பியில் அழுத்திக்கொண்டு நிற்கிற குட்டி, இன்றைக்கு வரவில்லை. கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. தலையைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, யாரோ முட்டி போடச் சொன்ன மாதிரி அசையாமல் நின்றது.

சின்னவள் உள்கதவைத் திறந்தாள். புட்டியை நீட்டினாள். குட்டி திரும்பியது. கீழ்த்தாடை தொங்கியிருந்தது. அதிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. பாலைப் பார்த்தும் விழுங்க முடியாமல் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. பிறகு திடீரென்று பக்கத்தில் இருந்த மரக்கட்டையைக் கவ்வியது. கவ்விய பல்லை எடுக்கவில்லை.

"ஐயோ பாவம்" என்று அவள் கை தானாக நீண்டது. பின்னாலிருந்து யாரோ அவள் சட்டைக் காலரைப் பிடித்து ஓர் இழு இழுத்தார்கள். அத்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே போ என்று கண்ணாலேயே சொன்னார். அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோது தாழ்ப்பாள் இரண்டு தரம் தவறியது.

மையத்து ஆட்களிடையே ஒரு பேச்சு உண்டு. டாக்டரம்மா கத்தினால் பயப்படாதே, முணுமுணுத்தால் ஓடிவிடு என்பார்கள். கட்டை குட்டையான உருவம், கணீரென்ற குரல். பருந்துக்குக் கட்டுப் போடும்போது அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் கூண்டு ஆந்தை பகலிலேயே விழித்துக்கொள்ளும்.

அன்று டாக்டரம்மா முணுமுணுத்தார்.

எல்லோரையும் இருபதடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு போட்டுக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். பதினோரு மணிக்குக் குட்டி செத்துவிட்டது. வெறிநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். தலையைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருப்பதற்கில்லை. தொட்டவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கே ஊசி.

"அட்டையை எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஒவ்வொரு கூண்டின் கதவிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். மையத்தில் அதைக் கை அட்டை என்பார்கள். உறை போடாமல் வெறும் கையால் அந்த விலங்கைத் தொட்டவர் யாராக இருந்தாலும், பெரிய அதிகாரியே ஆனாலும், தன் பெயரையும் தேதியையும் அதில் எழுதிவிட வேண்டும். எதற்கென்று சின்னவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அப்போது அது ஏதோ வருகைப் பதிவு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அட்டையைப் படித்தார். ஐந்து பெயர். அத்தான், சின்னவள், மீட்டு வந்த வண்டி ஓட்டுநர், இரவுக் காவலர், டாக்டரம்மா. ஐந்து பேரும் வேலையில் சேரும்போதே தடுப்பூசி போட்டவர்கள். இன்னும் இரண்டு ஊசி போட்டால் போதும், பயமில்லை என்றார்.

"வேற யாராவது தொட்டீங்களா? தூக்கினீங்களா? எச்சில் பட்டுச்சா?"

சின்னவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் தன் பூட்ஸைப் பார்த்தார்.

அவளுக்கு வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பொய் சொல்லவில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கேட்ட கேள்விக்கு இரண்டு பேரும் பேசாமலேயே இல்லை என்று பதில் சொல்லிவிட்டார்கள் என்பது ஆண்டவனுக்குத் தெரியும்.

தீவன அறைக்குப் பின்னால், காலிக் கூடைகள் அடுக்கிய இடத்தில் அத்தான் அவளுக்காக நின்றார். மூச்சு வாங்கப் பேசினார். இப்போதே அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போகிறேன், பட்டாணியைத் தெருமுனைக் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். நரி என்று சொன்னால் எங்கே, எப்படி என்று துருவுவார்கள். நாய் பிறாண்டிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

"நாய்க்கும் நரிக்கும் ஊசி ஒண்ணுதானேம்மா. பிள்ளைக்கு ஊசி போட்டாச்சுன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிள்ளையும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். திங்கட்கிழமை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

"பட்டாணியை அது கடிக்கலையே அத்தான்?"

"சீச்சீ, கடிச்சிருந்தா அழுதிருக்க மாட்டாளா? நக்கியிருக்கும். அவ்வளவுதான்."

மோட்டார் சைக்கிள் புகையைக் கக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

சின்னவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டாள். ஆண்டவனே, அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இதை மட்டும் கொடு, வேறெதையும் கேட்க மாட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உண்மையை ஒளித்து வைத்துக்கொண்டு எதையும் கேட்பது முறைதானா என்று ஒரு கூச்சம் வந்தது. கும்பிட்ட கையைச் சட்டென்று இறக்கி, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள்.

டாக்டரம்மாவே அவளுக்கு ஊசி போட்டார். போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றதும் தன் மேசையிலிருந்து தன்னுடைய டீயையும் இரண்டு பிஸ்கட்டையும் நகர்த்தி வைத்தார். பயமாக இருந்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போ, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். அவள் அந்த டீயைத் தொடவில்லை. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

ஒரு மணிக்கு அத்தானிடமிருந்து செய்தி வந்தது. 'டாக்டரைப் பாத்தாச்சு. எல்லாம் முடிஞ்சது. கவலைப்படாதே.'

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே கூடை மேல் உட்கார்ந்தாள்.

மத்தியானம் முழுக்க வேலை. வெளிக்கேட்டில் பூட்டுப் போட்டு, பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டினார்கள். நாற்பத்தொன்றின் கூண்டிலிருந்த வைக்கோல், துணி, கடித்த மரக்கட்டை எல்லாவற்றையும் கம்பால் தள்ளி இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தார்கள். சின்னவள் உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு தரையை மருந்து ஊற்றித் தேய்த்தாள். வண்டி ஓட்டுநர் வழக்கமாக ஜோக்கடிக்கிற ஆள். நரி ஊளையிட்டால் மழை வரும் என்பார்கள், இது ஊளையே இடாமல் ஊரைக் கூட்டிவிட்டதே என்று ஆரம்பித்தவர், யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு மற்ற இரண்டு குட்டிகளுக்கும் நீளமான குழாய் வைத்துப் பால் கொடுத்தார்கள். நாற்பத்துமூன்று குடித்தது. நாற்பத்திரண்டு புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். எதுவும் சொல்லவில்லை. முணுமுணுக்கக்கூட இல்லை.

நாலரை மணிக்குச் சின்னவள் வீட்டுப் படியேறினாள். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. நாற்பது தையல் மிஷின் ஓடும் வரிசையில், தையல் விட்ட இடத்தை எட்டடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிற கண். வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டாள்.

"உங்க அத்தானுக்கு என்ன ஆச்சுடி?" என்று கேட்டாள் பெரியவள். "மத்தியானம் திடுதிப்புன்னு வந்து பிள்ளையை நாய் பிறாண்டிடுச்சுன்னு கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். எந்த நாய்னு கேட்டா எதிர்வீட்டு நாயாம். அந்த நாய்க்குத் தன்னைச் சொறிஞ்சுக்கவே சோம்பல். அது வந்து இவளைப் பிறாண்டிச்சாம்."

சின்னவள் சிரிக்க முயன்றாள். ஊசிக்கு அழுதாளா என்று கேட்டாள்.

"ஊசியா? யாருக்கு ஊசி? வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய்ங்கிறதால ஊசியே வேண்டாம்னுட்டாராம் டாக்டர். சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பத்து நாள் நாயைக் கவனிங்க, நாய் நல்லா இருந்தா பிள்ளையும் நல்லா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாராம்."

சின்னவள் கையிலிருந்த பை நழுவிப் படியில் விழுந்ததை எடுக்கக் குனியவில்லை. நேரே உள்ளறைக்குப் போனாள்.

அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. கதவருகே நின்றாள். அவரே சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தெருநாய் என்று சொல்லத்தான் நினைத்துப் போனாராம். எந்தத் தெரு, என்ன நிறம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கிளினிக் டாக்டர் அடுக்கிக்கொண்டே போகவும் தடுமாறிப்போய் எதிர்வீட்டு நாய் என்று சொல்லிவிட்டார். உடனே அடுத்த கேள்வி வந்தது. அதற்குத் தடுப்பூசி போட்டாச்சா?

"ஒன்பது வருஷமாப் பழகின வாய்ம்மா" என்றார். "ஆய்வுக்கு எந்த அதிகாரி வந்தாலும் முதல்ல அதைத்தானே கேப்பாங்க. ஊசி போட்டாச்சா, மருந்து குடுத்தாச்சா, கழுவியாச்சா. போட்டாச்சு சார், குடுத்தாச்சு சார்னு சொல்லிச் சொல்லி... அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள போட்டாச்சு சார்னு வந்துடுச்சு."

வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கத் தெரியவில்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டார். கழுவும்போது பட்டாணியின் வலது ஆள்காட்டி விரலை நர்ஸ் திருப்பிக் காட்டினார். நுனியில் இரண்டு சின்னப் புள்ளி. ஊசி குத்தின மாதிரி. ஏறக்குறைய ஆறிவிட்டது.

"அப்பதான் நானும் பாத்தேன்" என்றார் அத்தான்.

"எது ஆறிடுச்சு?"

பெரியவள் வாசலில் துண்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். குட்டி செத்ததை, டாக்டரம்மாவின் சந்தேகத்தை, மஞ்சள் அட்டையை, தீவன அறைக்குப் பின்னால் பேசியதை. சொல்லும்போது அக்கா கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா கத்தவில்லை. மிஷின் வரிசையில் கேட்பது மாதிரி சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டாள். எப்போ? எந்த விரல்? கடிச்சு எத்தனை நாள்? இன்னும் நேரம் இருக்கா?

கூடத்தில் பட்டாணி தரையில் குப்புறப் படுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு கடிச்சது தங்கம்?"

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். சின்னவள் தலையை ஆட்டினாள்.

"டீச்சர்" என்றாள் பட்டாணி. செவ்வாய்க்கிழமை காலையில் சித்தி அசந்து தூங்கும்போது டீச்சருக்குப் பசித்ததாம். விரலைப் பாலில் தோய்த்துக் கொடுத்தாளாம். வலிக்கவே இல்லையாம். கொஞ்சம்தான் வலித்ததாம்.

பெரியவள் விரலை விடவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. பிள்ளையின் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள்.

சின்னவள் போனை எடுத்து டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. திங்கட்கிழமை உத்தரவு, அத்தானின் ஒன்பது வருஷம், தன் கல்லூரிச் சான்றிதழ் எல்லாம் அந்த மணியோடு சேர்ந்து போவது போல இருந்தது. எடுத்தார்கள். சொல்லும்மா என்று குரல் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். ஆங், ஆங் என்று காற்றுதான் வந்தது.

அத்தான் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்து போனை வாங்கினார்.

"டாக்டரம்மா, நான்தான் பேசறேன். நாற்பத்தொண்ணு அட்டையில ஒரு பேரு விட்டுப்போச்சு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "என் பொண்ணு பேரு. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான்."

நான் கெஞ்சித்தான் கொண்டுவந்தார் என்று சின்னவள் பக்கத்திலிருந்து சொன்னாள். அவர் கையைக் காட்டி அவளை அடக்கினார்.

டாக்டரம்மாவின் கணீரென்ற குரல் மூன்று பேருக்கும் கேட்டது. கால் மணி நேரம் குழாயைத் திறந்து வைத்து, சோப்புப் போட்டு விரலைக் கழுவுங்கள். கழுவிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாசலில் நிற்கிறேன். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பெரியவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

டாக்டரம்மா சொன்னபடியே வாசலில் நின்றார். அவர் ஏற்கெனவே உள்ளே பேசி வைத்திருந்ததால் எந்த வரிசையிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. கடிபட்டு நாலாவது நாள், தாமதம்தான், ஆனால் நேரம் தாண்டிவிடவில்லை, அறிகுறி வருவதற்கு முன்னால் போடுகிற ஊசிக்குப் பலன் உண்டு என்று பெரியவளிடம் நிதானமாக எடுத்துச் சொன்னார். கைக்கு ஓர் ஊசி. கடித்த இடத்தைச் சுற்றி, அந்த விரல் நுனியிலேயே, இன்னொரு மருந்து. இன்னும் சில நாள் வந்து போக வேண்டும்.

விரலில் ஊசி இறங்கியபோது பட்டாணி அலறிய அலறல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரியவள் பிள்ளையின் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது என்று பத்துத் தரம் சொன்னாள். பெயர் தெரியாத யாரோ ஓர் அம்மாள், தன் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, பாதியைப் பட்டாணி மடியில் போட்டுவிட்டுப் போனார். உலகம் இப்படிப்பட்டவர்களால்தான் இன்னும் சாயாமல் நிற்கிறது.

அழுகை விக்கலாகக் குறைந்தது. டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்தார். ஐந்து பெயருக்குக் கீழே பட்டாணியின் பெயரையும் தேதியையும் தானே எழுதினார். கூடவே அக்காவைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் தொட்டீர்களா என்று கேட்டார். பெட்டிப் பக்கமே போகவில்லை, தனக்கு நாய் பூனை என்றாலே ஆகாது என்றாள் பெரியவள். அத்தானிடம் டாக்டரம்மா கோபமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பேனா ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்பதை அத்தான் அந்த ஒரு கணத்திலேயே படித்துவிட்டார். ஆனாலும் அவர் முகம், காலையிலிருந்து முதல் தடவையாக, மனுஷ முகமாக இருந்தது. சின்னவள் அதைக் கவனித்தாள். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தாள். அவளும் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

பட்டாணி பிஸ்கட்டை எண்ணிப் பார்த்தாள். இரண்டைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

யாருக்கு என்று டாக்டரம்மா சும்மா கேட்டார்.

"ரெட்டை ஜடைக்கு. அவளுக்கும் ஊசி போட்டா அவளும் அழுவால்ல, அப்ப குடுக்க."

கீழ்வீட்டுக் குழந்தை அது. பட்டாணியோடு ஒரே வகுப்பு. எந்நேரமும் ரெட்டை ஜடையோடு திரிவதால் தெருவுக்கே அதுதான் அவள் பெயர். அவளுக்கு எதற்கு ஊசி என்று பெரியவள் கேட்டாள். கேட்கும்போதே அவள் குரல் பாதியாகிவிட்டது.

பட்டாணி சாவதானமாகச் சொன்னாள். டீச்சருக்குப் பால் கொடுத்தது அவள் மட்டுமில்லை. அவள் போய் ரெட்டை ஜடையை மாடிக்குக் கூப்பிட்டாள். ஆளுக்கு ஒரு தரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ரெட்டை ஜடை இரண்டு விரலை விட்டாள். ரத்தம் வந்தது. ஆனாலும் அவள் அழவில்லை.

"வீட்ல சொல்லலையா அவ?" என்றாள் சின்னவள்.

பட்டாணி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சித்தி சொன்னீங்க. நான் அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

தாழ்வாரத்தில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரமாகப் போனது. சின்னவளுக்கு இப்போதுதான் அந்த முள் முழுசாக இறங்கியது.

கீழ்வீட்டுக்காரர்கள் புதன்கிழமையே வீட்டைப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போய்விட்டார்கள். பெரியவள் ரெட்டை ஜடையின் அம்மாவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். அதே பதில். மூன்றாம் தரமும் அதேதான். போகிற ஊர் மலைப்பக்கம், அங்கே சிக்னல் கிடைக்காது என்று கிளம்பும்போதே அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

டாக்டரம்மா அட்டையில் ஏழாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பெரியவள் போனைக் கீழே வைத்தாள். சாயங்காலத்திலிருந்து புருஷன் முகத்தைப் பார்க்காதவள், இப்போது நேராகப் பார்த்தாள்.

"எழுந்திருங்க" என்றாள். "எந்த ஊருன்னு எனக்குத் தெரியும். எந்தத் தெருன்னுதான் தெரியாது."